மூன்றாவது சரணம் முடியும் வரை

அந்தப் பியூட்டி பார்லரில் கடிகாரம் கிடையாது. கடிகாரம் மாட்டியிருந்த ஆணி இருந்தது, அதில் துண்டு தொங்கியது. நேரம் தெரிய வேண்டுமென்றால் அக்காவைத்தான் கேட்க வேண்டும். அக்கா மணி சொல்ல மாட்டாள். பாட்டுக் கணக்கு சொல்லுவாள்.

"உதட்டுக்கு மேல ப்ளீச்சா? ரெண்டு பாட்டு. முகத்துக்குப் பூசிக் காயணுமா? நாலு. தலைக்கு டைன்னா ஒரு பக்கம் முழுசா உக்காரணும். அவசரம்னா வேற கடை பாத்துக்கங்க."

பாட்டு என்றால் ஏதோ வானொலியில் போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே கேசட், ஒரே பாடகர். ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டு. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னமும் மினுமினுக்கும் கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையைக் கன்னங்கரேலென்று வைத்துக்கொண்டு, துணிக்கடை திறப்பு விழாக்களில் பாடுகிறார். ஊரில் அவருக்கு மினுக்குக் கோட்டு என்று பெயர். இளவட்டங்கள் அவர் ஆடுவதைச் சின்னச் சின்னதாக வெட்டி போனில் அனுப்பிச் சிரிக்கும். அக்கா மட்டும் 'அவர்' என்பாள். செத்துப்போன புருஷனையும் 'அவர்' என்றுதான் சொல்வாள். கேட்கிறவர்கள்தான் எந்த அவர் என்று கவனமாக இருக்க வேண்டும்.

வாடிக்கைக்காரர்களுக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது. தபால்காரம்மா வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே, "அக்கா, எத்தனாவது பாட்டு ஓடுது? எனக்கு ரெண்டு பாட்டுதான் நேரம், இன்னும் நாப்பது வீடு பாக்கி" என்பாள். ஒரு கணக்கு டீச்சர் வீட்டில் முட்டை அவிக்கவும் அந்தப் பாட்டையே பாடுவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் பாட்டு முடியும்போது அடுப்பை அணைத்தால் மஞ்சள் கரு பதமாக நிற்குமாம்.

கடை என்பது வீட்டின் முன்னறைதான். இரண்டு சுழல் நாற்காலி, சுவர் அகலக் கண்ணாடி, தலை கழுவும் தொட்டி. நடுவில் பூப்போட்ட திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஒரு அறை, சமையலறை, கொல்லைக் கதவு. அந்த அறையில்தான் அக்காவின் புருஷன் ஐந்து மாதம் படுத்திருந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்கியவர், கடைசியில் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. பேச்சு போய்விட்டது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறும்.

அக்காவோடு பதினாலு வருஷமாக வேலை செய்யும் நெட்டை, ஒருநாள் கேட்டேவிட்டாள். நெட்டை என்றால் அப்படியொரு நெட்டை. தொட்டியில் தலை கழுவிவிடும்போது முக்கால்வாசி மடங்கித்தான் நிற்பாள்.

"ஏங்க்கா, உலகத்துல இத்தனை பேர் பாடறாங்க. இந்தாளு பாடறதுல அப்படி என்னதான் இருக்கு? சுருதி சேந்தா நம்ம அதிர்ஷ்டம்."

அக்கா கையில் இருந்த நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, வாடிக்கைக்காரியின் புருவத்தை முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"பெரிய பாட்டுக்காரங்கல்லாம் மூச்சு எடுக்கறதே தெரியாது. அத மறைக்கறதுக்குத்தான் அவங்க வருஷக்கணக்கா படிக்கறாங்க. இவருக்கு அது வரல. வரிக்கு வரி இழுத்து மூச்சு வாங்குவார், டேப்புல நல்லா கேக்கும். எங்க வீட்டுக்காரர் படுத்திருந்தாரே, மூச்சு தட்டுச்சுன்னா நான் இதப் போடுவேன். அவர் வாங்கறப்ப இவரும் வாங்குவார். அவர் விடறப்ப இவரும் விடுவார். ரெண்டு பாட்டுல திணறல் அடங்கிடும். குடைப் பாட்டுல விசில் வருமில்ல, அப்ப ரெண்டு விரலால கட்டில் சட்டத்துல தாளம் போடுவார். பேச்சுன்னு எங்களுக்குள்ள இருந்தது அதுதான். சுருதி சேந்தவன் எவனாவது வந்து என் புருஷனுக்கு மூச்சு சொல்லிக் குடுத்தானா?"

நெட்டை போய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிட்டு வந்தாள்.

ஒரு மத்தியானம் அவர் உயிர் போனதும் குடைப் பாட்டில்தான். விசில் வந்தது, விரல் வரவில்லை. அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பாட்டை நிறுத்தவில்லை. பாதியில் நிறுத்தினால் மரியாதை இல்லை என்று, மூன்றாவது சரணம் முடியும் வரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கடைசி விஷயத்தை அவள் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாள். தகவல் சொல்லப் போன் போட்டபோது அழுகையோடு அழுகையாக வந்துவிட்டது. கேட்டவர் அவளுடைய கொழுந்தனார், செத்தவரின் கூடப்பிறந்த தம்பி.

கொழுந்தனார் சாதாரண ஆள் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்குப் பார்த்துவிட்டு, ஓய்வு பெற்ற மறுநாளே இசை விமர்சகர் ஆகிவிட்டார். வாரம் ஒருமுறை பத்திரிகையில் 'செவிக்குத் தவம்' என்று எழுதுவார். அவர் எழுத்தில் 'நாம்' என்று வந்தால் அது அவர் ஒருவர். 'சிலர்' என்று வந்தால் பாக்கி உலகம். தெருவில் விமர்சகர் என்றே பெயர் விழுந்து, வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. யாராவது போன் செய்தால் அவர் மனைவியே, "விமர்சகர் குளிக்கிறார்" என்றுதான் சொல்வாள்.

மினுக்குக் கோட்டு என்றால் அவருக்கு ஆகாது. 'இவர் தலைக்கும் பாட்டுக்கும் ஒரே டப்பா சாயம்' என்று எழுதிக் கைதட்டு வாங்கியவர். எழுதியவரின் தலை, அறுபத்து நாலு வயதில், காக்கை பார்த்தால் பங்காளி என்று கூப்பிடும் கறுப்பு. அது பிறவிக் கறுப்பு என்று அவரும் சொல்லிக்கொண்டார், ஊரும் நம்பியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொல்லைக் கதவு வழியாக வந்து அண்ணியின் சமையலறையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அக்காவுக்கு, நெட்டைக்கு, அவர் மனைவிக்கு.

அந்த விமர்சகர்தான் இதை எழுதினார். தபால்காரம்மா பத்திரிகையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். வைத்துவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமலும் இருக்க முடியாமல் நின்றாள்.

'என் உறவு வட்டத்திலேயே ஒரு பெண்மணி உண்டு. முடி வெட்டுவது தொழில். மினுக்குக் கோட்டுப் பாடகரின் கேசட்டை வைத்தே அவருக்குப் பொழுது ஓடுகிறது. கணவர் படுத்த படுக்கையாக இருந்தபோதும் அந்தக் குடைப் பாட்டையே போட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கணவர் காலமானார். பிறகும் பாட்டை நிறுத்தவில்லையாம்! அந்த மனிதர் ஏன் அவ்வளவு அவசரமாகப் போனார் என்பதற்கு மருத்துவர்கள் தனியாகக் காரணம் தேடியிருக்க வேண்டியதில்லை.'

அந்த மனிதர் தன் சொந்த அண்ணன் என்பதை எழுதவில்லை. பத்திரிகையில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

ஊர் கெட்ட ஊர் என்று சொல்ல முடியாது. யாரும் முகத்துக்கு நேரே சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒருத்தி, "அக்கா, எனக்கு இன்னும் சாவற வயசாகல, பாட்டக் கொஞ்சம் சின்னதா வைங்க" என்று செல்லமாகச் சொன்னாள். அக்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டு அன்று மாலை கேசட்டை எடுத்து, சீப்பு வைக்கும் இழுப்பறைக்குள் அடியில் போட்டு மூடினாள்.

"எடுத்துட்டீங்களாக்கா?"

"ஊர் சிரிக்குதுன்னு எடுக்கலடி. பாட்டு ஆரம்பிச்சா இப்ப அவர் மூச்சு கேக்க மாட்டேங்குது. என் கொழுந்தன் எழுதுனதுதான் கேக்குது. விசில் வந்தா விரல் ஞாபகத்துக்கு வரணும். டாக்டருங்க தேட வேண்டியதில்லைன்னு வருது. அஞ்சு மாசம் நாங்க பேசுன பேச்சு மொத்தத்தையும் ஒரே வரியில அழிச்சிட்டான்டி."

அதைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று அவள் சத்தம்போட்டுச் சபதம் எடுக்கவில்லை. எங்கேயும் போகவுமில்லை. மூன்று வாரம் ஆனால் வெள்ளை முடி அவனைக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கொல்லை வாசலில் நிறுத்தும் என்று அவளுக்குத் தெரியும்.

பாட்டு இல்லாத கடை திக்குத் தெரியாமல் நின்றது. நெட்டை போனில் அலாரம் வைத்தாள். கை முழுக்க கலவையாக இருக்கும்போது போன் சிணுங்கும், ஓடிப்போய் எடுப்பதற்குள் வேறொன்று பழுத்துவிடும். ஒருத்தியின் சுருள் முடி நேராகாமல் நட்டுக்குத்தலாக நின்றது. தபால்காரம்மாவுக்கு உதட்டுக்கு மேல் வெந்து, செக்கச்செவேலென்று மீசை மாதிரி ஒரு தடம் விழுந்தது.

"சொல்லும்மா, வலிக்குதா?" என்றாள் அக்கா.

"வலிய விடுங்க. எந்த வீட்டுக்குப் போனாலும் தபால வாங்காம என் மீசையைப் பாக்கறாங்க. பாட்டப் போடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நெட்டைக்குத் திட்டங்கள் இருந்தன. "டையில கொஞ்சம் பச்சை கலந்துடலாம்க்கா. வெயில்ல போனா கிளி மாதிரி இருப்பார்."

"சீ, தொழில்ல கை வைக்கக் கூடாது. அவன் தலைல கெட்டது எதையும் நான் வைக்க மாட்டேன்."

விமர்சகர் வந்த நாள் வானம் காலையிலிருந்தே மூடிக்கொண்டு நின்றது. அன்று மாலை ஐந்து மணிக்கு நகர மன்ற அரங்கத்தில் அவருக்கு 'செவிச்செல்வர்' என்று பட்டம் கொடுக்கிறார்கள். பட்டம் கொடுக்கும் சங்கத்துக்கு அவரே துணைத் தலைவர் என்பதால் தேர்வில் சிக்கல் இருக்கவில்லை. பதினொன்றரைக்கே கொல்லைக் கதவைத் தட்டினார்.

"அண்ணி, இன்னிக்கு நல்லா அழுத்தமா போட்டு விடுங்க. பத்திரிகைல போட்டோ வருது."

"உக்காருங்க" என்றாள் அக்கா. அடுப்பில் டீ கொதித்தது. ஒரு கோப்பையில் ஊற்றி, பன் ஒன்றையும் வைத்துக் கொடுத்தாள். பகையாளியாக இருந்தாலும் வெறும் வயிற்றோடு டைக்கு உட்கார வைக்கிற வழக்கம் அவளுக்கில்லை.

அவர் பன்னை டீயில் முக்கிக்கொண்டே கேட்டார். "அந்தக் கட்டுரை படிச்சீங்களா அண்ணி? பதினேழு கடிதம் வந்திருக்கு."

"படிச்சேன்."

"பேரு போடல பாத்தீங்களா? நாகரிகம்னு ஒண்ணு இருக்கில்ல."

"உங்க அண்ணன் செத்ததப் போட்டிருந்தீங்க."

"அது எடுத்துக்காட்டு அண்ணி. மக்களோட ரசனை எவ்வளவு தாழ்ந்து கிடக்குன்னு காட்டறதுக்கு ஒரு எடுத்துக்காட்டு வேணும். அங்கதம்னு சொல்லுவோம். இதத் தனிப்பட்ட முறைல எடுத்துக்கக் கூடாது."

"எடுத்துக்கல."

"அதான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது."

அக்கா கிண்ணத்தில் டையைக் கலக்கினாள். துண்டைப் போர்த்தினாள். டை போடும் எவரும் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு: நெற்றி ஓரம், காது, பிடரி என்று முடி ஆரம்பிக்கிற இடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைக் கிரீமைத் தடவி வரம்பு கட்டுவது. கட்டாவிட்டால் டை தோலில் இறங்கிவிடும். பதினோரு வருஷமாக கொழுந்தனாரின் தலையைச் சுற்றி அவள் அந்த வரம்பைக் கட்டி வந்திருக்கிறாள். இன்றும் கை பழக்கத்தில் கிரீம் டப்பாவைத் திறந்தது. விரல் உள்ளே போகிற சமயத்தில் நின்றது. மூடித் திருகி, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

கெட்டது எதையும் வைக்க மாட்டேன் என்றுதானே சொன்னாள். நல்லது ஒன்றை வைக்கவில்லை.

பிரஷ்ஷை முக்கித் தாராளமாகவே தடவினாள். காதோரம் வழிந்தது. நெட்டை திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு திரையை விட்டாள்.

"எவ்வளவு நேரம்?" என்றார் விமர்சகர்.

"முன்னாடின்னா ஒரு பக்கம்னு சொல்லுவேன். இப்பதான் போடறதில்லையே."

"நல்ல முடிவு. ஒரு காரியம் செய்வோம், நான் இன்னிக்குப் பேசப் போறதே இதப் பத்தித்தான்." போனை எடுத்து மடியில் வைத்துத் தட்டினார். ஒரு வாத்தியம் ஒரே ஒரு ஸ்வரத்தைப் பிடித்து விடாமல் இழுத்தது. "கவனிச்சீங்களா? ஒன்பது நிமிஷம் இந்த ஒரு ஸ்வரத்துலயே நிப்பார். இதக் கேக்கவே நமக்கு ஒரு தகுதி வேணும். கச்சேரி முழுசும் முடிஞ்சதும் தலையைக் கழுவுங்க. நடுவுல மட்டும் கூப்பிடாதீங்க, தியானம் கலைஞ்சிடும்."

"முடிஞ்சதும்தானே?"

"முடிஞ்சதும்."

நாலாவது நிமிஷத்தில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. ஆறாவது நிமிஷத்தில் வாய் திறந்தது. ஏழாவது நிமிஷத்தில் அவரும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார்.

அக்கா சமையலறை வாசற்படியில் உட்கார்ந்து வேகவைத்த உருளைக்கிழங்கைத் தோலுரித்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. முதலில் தூறல், பிறகு கொல்லைச் சந்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும் அளவுக்கு.

நெட்டை மறுபடி எட்டிப் பார்த்தாள். "அக்கா, ஒரு பக்கம் எப்பவோ தாண்டியாச்சு."

"அவர் என்ன சொன்னார்?"

"முடிஞ்சதும்னார்."

"முடிஞ்சிடுச்சா?"

நெட்டை காதைக் கொடுத்துக் கேட்டாள். "எதுக்கா, அந்த வாத்தியமா, இவர் குறட்டையா? ரெண்டும் ஒண்ணாட்டம்தான் இருக்கு."

"ரெண்டும் முடியட்டும். தியானத்தக் கலைச்சா பாவம்."

ஒன்றேகால் மணி நேரம் கழித்து வாத்தியம் ஓய்ந்தது. அக்கா அவரைத் தொட்டு எழுப்பி, சமையலறைக் குழாயடியிலேயே கழுவி, தலையைத் துண்டால் இறுகக் கட்டினாள். சமையலறையில் கண்ணாடி கிடையாது. அவர் வழக்கம்போலத் துண்டோடு கொல்லை வழியாக வீட்டுக்குப் போனார். "அபாரமான இசை அண்ணி. ஒரு இடத்துல நான் என்னையே மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தார். இந்தமுறை முன்வாசல் வழியாக. கொல்லைச் சந்தில் முழங்கால் தண்ணீர், வேறு வழியில்லை. மனைவி குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். கடையில் தபால்காரம்மா, கணக்கு டீச்சர், மழைக்கு ஒதுங்கிய இரண்டு பெண்கள் என்று நாற்காலியும் சுவரோரப் பெஞ்சும் நிறைந்திருந்தன. அவர் தலைத் துண்டு புருவம் வரை இறங்கியிருந்தது.

"அண்ணி, உள்ள வாங்க."

"உள்ள இருட்டு. எதுன்னாலும் இங்கயே சொல்லுங்க."

அவர் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டார். மனைவிதான் கைநீட்டித் துண்டை எடுத்தாள். முப்பது வருஷ இல்வாழ்க்கையில் அவள் இவ்வளவு சட்டென்று ஒரு முடிவு எடுத்ததில்லை.

கறுப்பு முடிக்குக் கீழே நெற்றியிலும் கறுப்பு, விளிம்பு கட்டிய மாதிரி. காது இரண்டும் அடுப்பில் சுட்ட கத்தரிக்காய். செவிச்செல்வருக்குச் செல்வம் முழுக்கச் செவியிலேயே இறங்கியிருந்தது.

தபால்காரம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஐயோ சார், அப்ப அது பிறவிக் கறுப்பு இல்லையா?"

"சோப்பு, எண்ணெய், எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேச்சாச்சுக்கா. தோல்தான் செவக்குது, மை போகல" என்றாள் மனைவி. அவள் குரலில் கவலை இருந்தது. உதட்டில் இல்லை.

"அஞ்சு மணிக்கு மேடை. ஏதாவது பண்ணுங்க அண்ணி" என்றார் விமர்சகர்.

"பண்ணலாம். ப்ளீச்சும் கிரீமும் கலந்து பூசணும். ஆனா நேரம் துல்லியமா இருக்கணும். முன்னாடியே துடைச்சா கறை போகாது. தாண்டினா தோலும் சேந்து வந்துடும்."

"எவ்வளவு நேரம்னு சொல்லுங்க, போன்ல வைக்கறேன்."

"எனக்கு நிமிஷம் தெரியாதே. குடைப் பாட்டு தெரியும். மூணாவது சரணம் முடியறப்பத் துடைக்கணும். விசிலோட சேத்து."

"அலாரம் மட்டும் வேணாம் சார்" என்று தபால்காரம்மா தன் செம்மீசையைத் தொட்டுக் காட்டினாள். "பாருங்க, என் கதிய."

விமர்சகர் மீசையைப் பார்த்தார். மேடையில் தன் நெற்றியை நினைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. "சரி சரி. அந்தக் கேசட்டப் போட்டுத் தொலைங்க."

"கேசட் இல்லையே" என்றாள் அக்கா. முழங்காலுக்கு எதிரே இருந்த இழுப்பறையை முழங்காலாலேயே தள்ளி நன்றாக மூடினாள். "உங்க கட்டுரை வந்த அன்னிக்கே எடுத்துட்டேன்."

"அப்ப நீங்களே பாடுங்க!"

"எனக்கு வரல. தொண்டைல நிக்குது. உங்களுக்குத்தான் தெரியுமே."

"எனக்கா? அந்தக் குப்பையா? எனக்கு எப்படித் தெரியும்?"

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கேசட்டின் உறைக்குள் ஒரு அட்டை இருக்கிறது. அதில் இருபது வயதுப் பையன் ஒருவனுடைய குண்டுக் கையெழுத்தில், 'என் தெய்வத்தின் குரல். இரவல் தரப்படாது' என்று எழுதிக் கீழே கையொப்பமும் இட்டிருக்கிறது. தெய்வத்தைப் பார்க்க வானொலி நிலைய வாசலில் நாலு மணி நேரம் நின்றதும், பார்த்ததும் அழுததும், அதே மாதிரி முன்முடியைச் சுருட்டி விட்டுக்கொண்டு தெருத்தெருவாக விசிலடித்துச் சுற்றியதும் அண்ணன் சொல்லி அவளுக்குத் தெரியும். கல்யாணப் பரிசாக அண்ணனுக்கு அந்தக் கேசட்டைக் கொடுத்ததே தம்பிதான். 'அவன் இப்ப பெரிய ஆளு, நாலு பேர் முன்னால எடுத்துடாதே' என்று புருஷன் கேட்டுக்கொண்டதால், இத்தனை வருஷமாக அவள் வாய் திறக்கவில்லை.

இப்போதும் திறக்கவில்லை. இழுப்பறையைத்தான் ஒரு விரற்கடை திறந்தாள், அவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அட்டையின் ஓரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையொப்பம் உள்ள ஓரம்.

விமர்சகர் தன் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார். இழுப்பறை மூடியது.

"எனக்கு... கொஞ்சம் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம்" என்றார்.

"அது போதும்." கணக்கு டீச்சர் எழுந்து கொடுத்த நாற்காலியில் அவரை உட்கார வைத்து, அதைக் கண்ணாடிக்கு முதுகு காட்டும்படி, கூட்டத்தைப் பார்க்கத் திருப்பினாள். "கண்ணாடியப் பாத்தா நெத்தியைச் சுருக்குவீங்க. கலவை மடிப்புல இறங்கிடும்."

கலவை நெற்றியிலும் காதிலும் சில்லென்று ஏறியது. பிறகு எரிய ஆரம்பித்தது.

"ஆரம்பிங்க."

"குடைய மறந்து போறவளே..." என்றார் விமர்சகர், மீட்டர் எண் வாசிக்கிற மாதிரி.

"வாசிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும். கறை நிக்கும். பாடணும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி மும்முரமாகக் குடையை மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"குடைய மறந்து போறவளே, கொஞ்சம் நில்லு,
மழை விடட்டும், மனசு விடட்டும், அப்புறம் சொல்லு..."

கடை சத்தமில்லாமல் போயிற்று. மழைகூடக் குறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் மனிதர் நன்றாகப் பாடினார். அதுதான் யாரும் எதிர்பார்க்காதது. வரிக்கு வரி இழுத்து மூச்சு வாங்கினார், மினுக்குக் கோட்டு வாங்குகிற அதே இடத்தில். இரண்டாவது சரணத்தில் 'அம்மம்மா' என்று குழைகிற இடத்தில் தோளைக்கூட ஆட்டிவிட்டார். தோள் தன்னால் ஆடியது. பாவம், அதற்கு விமர்சனம் தெரியாது. இரண்டாவது சரணம் முடிந்ததும் நேராக மூன்றாவதுக்குத் தாவினார்.

"விசில்" என்றாள் அக்கா.

"விசில் எதுக்கு அண்ணி?"

"விசில விட்டா நேரம் பத்தாது."

செவிச்செல்வர் உதட்டைக் குவித்தார். முதலில் காற்று வந்தது. பிறகு விசில் வந்தது, பிசிறில்லாமல், இருபது வயதுப் பையன் தெருமுனையில் திரும்பும்போது அடிக்கிற விசில். கணக்கு டீச்சர் அறியாமல் தலையாட்டினாள்.

அக்கா காத்திருந்தாள். கட்டுரையின் அந்த வரி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். டாக்டர்கள் வரவில்லை. அவசரமாகப் போன மனிதர் வரவில்லை. கட்டில் சட்டத்தில் இரண்டு விரல், டொக் டொக், நகத்தில் கிரீஸ் கறை போகாத அந்த இரண்டு விரல் வந்தது. அவளுடைய கை, கலவைக் கிண்ணத்தின் விளிம்பில் தானாக அதே தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"நனைஞ்ச தெரு காய்ஞ்சிரும், நான் மட்டும் காய மாட்டேன்..." மூன்றாவது சரணம் முடிந்தது. விமர்சகரின் குரல் கடைசி வார்த்தையில் லேசாக உடைந்தது. எரிச்சலாக இருக்கலாம். அண்ணனாகவும் இருக்கலாம். அக்கா அதை விசாரிக்கவில்லை.

ஈரப் பஞ்சால் துடைத்தாள். நெற்றி பளிச்சென்று வந்தது. காது இரண்டும் பிறந்த குழந்தையின் காது மாதிரி இளஞ்சிவப்பாக வந்தது. ஒரு புள்ளி மிச்சமில்லை.

"போயிடுச்சா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார். "மணி என்ன ஆச்சு? போயிடுச்சா அண்ணி?"

நெட்டை நெற்றியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். மனைவியும் நெற்றியைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மழைக்கு ஒதுங்கிய பெண்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி பெஞ்சில் வசதியாக உட்கார்ந்து, குடையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். தபால்காரம்மா கடிதப் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

அக்கா, எதற்கும் கெடுதல் செய்யாத வெறும் வெள்ளைக் கிரீமை, அன்று காலை வைக்காமல் விட்ட அதே டப்பாவிலிருந்து ஒரு விரல் எடுத்து, அவருடைய சுத்தமான நெற்றியில் பொறுமையாகப் பூசினாள்.

"இன்னும் இருக்கு" என்றாள். "பல்லவிலேர்ந்து வாங்க."